வானத்து வில்லன்கள்

கதை எழுதுகிறவனைக் கண்டால் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வில்லன் என்று ஒருவன் கட்டாயம் வேண்டுமா, ஸார்?" சிரித்து மழுப்பிவிடுவது என் வழக்கம். சென்ற மாதம் சரவணம்பட்டியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அதற்கு விடை கிடைத்தது.

சரவணம்பட்டி என்றால், சத்தியமங்கலம் சாலையோரம் சோளமும் பருத்தியும் விளைந்த கிராமம்தான் என் நினைவில் இருப்பது. இப்போது அங்கே கண்ணாடி மாளிகைகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள். அவற்றில் ஒன்றில் வேலை பார்க்கும் பேரன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க அப்புச்சி, படம் பார்க்கலாமுங்க" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தான். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளிப் படவரிசை. 1979 முதல் 2016 வரை தியேட்டருக்கு வந்தவை மட்டும் பதின்மூன்று படங்கள்!

முதல் படத்தில் பூமியை நோக்கி ஒரு பிரம்மாண்டமான மேகம் வருகிறது. அதனுள்ளே இருப்பது ஓர் இயந்திரம். எப்போதோ மனிதர் அனுப்பிய வாயேஜர் கலம்தான். அண்டமெல்லாம் சுற்றி, அறிவு முழுவதையும் திரட்டிவிட்டு, 'இவ்வளவுதானா?' என்ற ஏக்கத்தோடு, தன்னைப் படைத்தவனைத் தேடி வருகிறது. டெக்கர் என்ற மனிதன் தன்னையே கொடுத்து அதனோடு கலந்துவிடுகிறான். அந்த இயந்திரத்தின் குரலாகப் பேசும் பெண் வேஷத்தில் நடித்தவர், 1965-இல் இந்திய அழகியாகத் தேர்வான பம்பாய்ப் பெண் பெர்ஸிஸ் கம்பாட்டா.

பேரன் வியந்தான். எனக்கோ 'கலை அரசி' ஞாபகம் வந்துவிட்டது.

1963 ஏப்ரலில் வெளிவந்த படம் அது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி. ஆக, தமிழ் சினிமா ராக்கெட்டை ஏழு மாதம் முந்திக்கொண்டது! டைரக்டர் ஏ. காசிலிங்கம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வேற்றுக் கிரகத்து வில்லன் தின்னாவாக எம்.என். நம்பியார். இந்த எம்.ஜி.ஆரும் நம்பியாரும் 1947-இல் 'ராஜகுமாரி'யில் சேர்ந்து நடித்தது எங்கள் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான்.

தின்னா பொன்னுக்கோ மண்ணுக்கோ பூமிக்கு வரவில்லை. அவன் உலகத்தில் விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, கலை வளரவில்லை. அதனால் ஒரு பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறான். டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். பருத்தி எடுக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டே எடுக்கும் என் அமுச்சி மட்டும், "அட பாவமே, ஒரு பாட்டுக்காவா இத்தன தூரம் வந்திருக்கறான்!" என்று இரங்கினாள்.

அமுச்சி சொன்னதுதான் விடை. வில்லன் எதற்காக ஏங்குகிறானோ, அதைக்கொண்டே மனிதனுக்கு நாம் மதிப்புப் போட முடிகிறது.

1982-இல் வந்த இரண்டாம் படத்தைப் பாருங்கள். வில்லனின் பெயர் கான் நூனியன் சிங்; பெயர் நம் நாட்டுப் பெயர், நடித்த ரிகார்டோ மோன்டால்பன் மெக்ஸிகோக்காரர். விஞ்ஞானத்தால் உருவாக்கப்பட்ட உயர்ந்த மனிதன் அவன். அறிவும் பலமும் நிறைய உண்டு. பழியை மறக்கத்தான் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்து ஸ்பாக், தாய் வழியில் மட்டுமே மனிதன், உணர்ச்சிகளை மதிக்காதவன். கடைசியில், கப்பலில் உள்ளவர்கள் பிழைக்க வேண்டுமென்று, கதிரியக்கம் நிறைந்த அறைக்குள் தானே நுழைந்து இயந்திரத்தைச் சீராக்கிவிட்டு மடிகிறான். நான் கண்ட உள்ளங்களில் இவனுடையதே மனிதத்தன்மை மிகுந்தது என்ற கருத்தில் அவன் தலைவன் கலங்கிப் பேசுகிறான். முழு மனிதன் வில்லனாகிவிட்டான். அரை மனிதன் மனிதனாகிவிட்டான்!

1984-இல் அடுத்த படத்தில் ஸ்பாக் உயிரோடு எழுந்துவிட்டான். "இது ஏமாத்து வேலைங்க அப்புச்சி" என்றான் பேரன்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து அண்ணமார் சாமி கதை பாடுவார்கள். படுகளத்தில் பொன்னரும் சங்கரும் மாண்டு கிடப்பார்கள். தங்கை தங்காள் வந்து எழுப்புவாள். எழுந்து பேசிவிட்டு மறுபடியும் போய்விடுவார்கள். விடிய விடியக் கேட்கும் ஜனங்களுக்கு முடிவு முன்பே தெரியும். ஆனாலும் அழுவார்கள். மீண்டும் எழுவோம் என்று நினைத்தா அந்த அண்ணன் தம்பிகள் களத்துக்குப் போனார்கள்?

பேரன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இப்பெல்லாம் மெஷினே பாட்டு எழுதுதுங்க, அதே பாடுதுங்க. நாங்க எதுக்குன்னே தெரியலீங்க" என்றான். உடனே, "ஆமா, அந்த அமுச்சி என்ன பாட்டுப் பாடுவாங்க? பாடுங்க, கேட்கலாம்" என்றான்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் பாதி வந்தது. அப்புறம் எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, பருத்திக் காடு இருந்த இடத்தில், விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. தின்னா மறுபடியும் சரவணம்பட்டிக்கு வந்து இறங்கினால், தூக்கிக்கொண்டு போக எங்கள் வீட்டில் ஒரு பாட்டு இருக்குமா?