கணினிக்கும் ஒரு திண்ணை

கம்ப்யூட்டர் உலகத்திலும் திண்ணை உண்டு என்றால் நம்புவீர்களா?

1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் அவிழ்த்துவிட்ட 'புழு' நிரல், இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அதன்பின், வந்துபோகும் தகவலைச் சலித்துவிடும் 'ஃபயர்வால்' சுவர்கள் வேகமாக எழும்பின. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் அதை விற்பனைக்கே கொண்டு வந்தது.

சுவர் சரி, நம்ம வெப் சர்வரைப் பார்க்க வர்றவங்களை என்ன செய்வது? சர்வரை இரண்டு சுவர்களுக்கு நடுவில் வைத்தார்கள். 1953 கொரியப் போர்நிறுத்தத்தில் இரு படைகளுக்கு இடையே விட்ட நிலத்தின் பெயரான 'டி.எம்.இசட்' அதற்கும் வந்தது. வெளியார் அதுவரை வரலாம். அந்த சர்வரே திருடன் கைக்குப் போனாலும் உள்சுவர் தடுக்கும். நம்ம ஊர்த் திண்ணையேதான்!

ஆனால் 2009-ல் கூகுளின் உள்வீட்டுக்கே திருடன் புகுந்துவிட்டான். பிறகு 2014-ல் அந்நிறுவனம் 'பியாண்ட்கார்ப்' முறையை விளக்கி எழுதியது: உள்ளே இருக்கிறார் என்பதற்காக எவரையும் நம்பாதே, ஆளையும் அவர் கணினியையும் ஒவ்வொரு தடவையும் விசாரி.

அலுவலகத்தில் சர்வர் வைத்திருக்கும் நண்பர்களே, சுவர் இருக்குன்னு நிம்மதியாத் தூங்கிடாதீங்க. திண்ணைக்கு ஒரு சாவி, உள்ளறைக்கு வேறு சாவி போடுங்க!