சுயதொழில் வருமான வரி (திருகோணமலை)

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய படகோட்டிகள், முச்சக்கர வண்டிக்காரர்கள், நிலாவெளி விடுதி உரிமையாளர்கள் போன்றோர் தம் இலாபத்தைத் தாமே கணக்கிட்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்தும் வரி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இதற்கு அடிப்படை. வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பின் படிப்படியாக 36 வீதம் வரை.

புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒருவருக்கு எரிபொருள், கூலி, பழுதுபார்ப்பு போக 24 இலட்சம் மிஞ்சுகிறது என்போம். வேறு வருமானம் இல்லையெனில் வரி 36,000 ரூபாய். எரிபொருள் பற்றுச்சீட்டைத் தொலைத்தால் அந்தச் செலவை நிரூபிப்பது கடினம். புதிய இயந்திரத்தின் விலையோ ஒரே ஆண்டில் கழியாது, மூலதனப் படியாகப் பல ஆண்டுகளுக்குப் பிரியும்.

மதிப்பிட்ட வரியை ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்குள் நான்கு தவணைகளாகக் கட்ட வேண்டும். கிழக்குக் கரைக்கு இந்த நாட்காட்டி அவ்வளவாகப் பொருந்தாது: ஆகஸ்டில் கையில் பணம் புரளும், பெப்ரவரித் தவணையோ வாடைக்காற்றில் படகுகள் கரையேறிக் கிடந்த மாதங்களை அடுத்து வரும். ஆண்டு விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதும் வரி இலக்கம் பெறுவதும் வேறுவேறு. முன்னதை முடித்தவர் பின்னதையும் தனியே பெற வேண்டும்.