இரவில் ஊரில் இருக்கிற வைத்தியர்

பணி ஆணையில் ஊரின் பெயர் இருந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர் இருந்தது, ஊதிய விகிதமும் சேர வேண்டிய கடைசித் தேதியும் இருந்தன. எங்கே தங்குவது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பரமக்குடியிலிருந்து இரண்டு பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு பாயோடு அப்பாவும் நானும் வந்து இறங்கினோம். திருவையாற்றுக்கு மேற்கே, குடமுருட்டிக் கரையில் ஒரு சிறிய ஊர். ஆடி மாதம். ஆறு என்றால் மணல் என்று வைகைக்கரையில் வளர்ந்தவள் நான்; இங்கே படித்துறையின் மேல்படி வரை தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

வைத்தியர் குடியிருப்பு என்று ஒரு கட்டடம் இருக்கத்தான் செய்தது. கூரையில் ஒழுகல், சுவரில் அரசமரக் கன்று, பூட்டில் துரு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலை பஸ்ஸில் தஞ்சாவூரிலிருந்து வந்து மாலை பஸ்ஸில் திரும்பியவர்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் மாடியை வாடகைக்குப் பிடித்தோம். அவருடைய அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. தினமும் மாடிப்படியின் கீழ் நின்று கேட்பார்: “டாக்டரம்மா, மூட்டையப் பிரிச்சாச்சா, இல்லே கட்டினபடியேதான் இருக்கா?”

அந்தக் கேள்வியில் இருந்த அக்கறை பாம்புக்கடி வந்த இரவில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. முறைத் தண்ணீர் வரும் நேரம் பார்த்து, நள்ளிரவில் மடை திறக்கப் போனவர். கணுக்காலில் கடி, வீக்கம் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிவிரியன் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அதை நம்பி மட்டும் மருந்து ஏற்றக்கூடாது. ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்து நின்றால் காத்திருக்கலாம். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது. ஓடியது. விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் கலந்து ஏற்றத் தொடங்கிவிட்டுத்தான் தஞ்சாவூருக்கு வண்டி பேசினோம். அவர் பிழைத்தார். மாலை பஸ்ஸில் நான் போயிருந்தால் அந்த மருந்து அலமாரியிலேயே இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயத்தில் ஆர்வம் பிடித்துக்கொண்டது. வெளியூரிலிருந்து வருகிற வைத்தியரை ஊரில் இருத்துவதற்கு இந்தத் தேசம் முன்பெல்லாம் என்ன செய்தது? கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய அறிக்கைகளையும் கிடைத்த இடத்தில் எல்லாம் படித்தேன்.

சோழர்கள் வீட்டையும் நெல்லையும் சேர்த்தே யோசித்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாடெங்கிலுமிருந்து 400 ஆடல் மகளிரை ராஜராஜன் வரவழைத்த கல்வெட்டு பலருக்கும் தெரியும். அதில் என்னை நிறுத்தியது நடனம் அல்ல, முகவரி. ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். வேலைக்கு வருகிறவரின் வீட்டு எண்ணைக் கல்லில் வெட்டிவைத்த அரசு அது.

வைத்தியர்களுக்கு மருத்துவக்காணி என்று நிலம் ஒதுக்கினார்கள். அறுவை செய்கிறவருக்குச் சல்லியக்காணி, விஷம் இறக்குகிறவருக்கு விடஹரபோகம். ராஜராஜனின் தமக்கை குந்தவை, தஞ்சாவூரில் தன் தகப்பன் பெயரால் இருந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, வைத்தியக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி நிலம் கொடுத்தாள். காணி வாங்கியவர் அந்த மண்ணோடு கட்டுண்டவர்; விளைச்சலைப் பார்க்கவாவது ஊரில் இருந்தாக வேண்டும். விக்கிரமசோழன் காலத்தில், 1121-ல், திருவாவடுதுறை மடத்தில் சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படித்தவர்களுக்குச் சோறு போட ஏற்பாடு இருந்தது. மயிலாடுதுறைப் பக்கத்துக் காவிரி ஊரில் மருத்துவம் படித்தவர்கள் எங்கெங்கே போய்க் குடியேறினார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

முழுக் கணக்கும் கிடைப்பது டெல்டாவுக்கு வெளியே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கிற திருமுக்கூடலில். வீரராஜேந்திரன் காலம், 1060-களின் பிற்பகுதி. ஆற்றங்கரைக் கோயிலோடு சேர்ந்த ஆதுலசாலைக்கு வீரசோழன் என்று பெயர். 15 படுக்கைகள். வைத்தியர் ஆலப்பாக்கத்துக்காரர், சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். நாளுக்கு மூன்று குறுணி நெல். ஆண்டுக்கு 90 கலம், மேலும் எட்டுக் காசு. சல்லியக்கிரியை செய்கிறவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இருவர். நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். நாவிதர், தண்ணீர் கொண்டுவருகிறவர் எல்லாரும் பட்டியலில் உண்டு. ஓராண்டுக்குச் சேர்த்துவைக்க வேண்டிய கடுக்காய் மருந்துகளும் நெய் மருந்துகளும் பெயர் பெயராக வருகின்றன. இரவில் ஒரு விளக்கு எரிய எண்ணெயும் கணக்கில் இருக்கிறது. அந்த விளக்குச் செலவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இரவில் நோயாளி கிடப்பான், இரவில் ஆள் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட கணக்கு அது.

இதைப் பொற்காலம் என்று பாடமாட்டேன். அந்தப் படுக்கைகள் வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியவை. நெல்லை விளைவித்தவர்களுக்கு அங்கே படுக்கை இருந்ததாக எழுதவில்லை. பார்த்துக்கொண்ட பெண்களுக்கு வைத்தியர் கூலியில் சிறு பங்குதான். ஆனாலும் ஒரு மருத்துவமனை நடக்க என்னென்ன வேண்டும் என்று குடம் தண்ணீர் வரைக்கும் யோசித்தவர்கள் அவர்கள்.

மராட்டியர் காலத்தில் இந்தப் பொறுப்பு சத்திரங்களுக்கு வந்தது. ராமேஸ்வரம் பாதை நெடுகச் சத்திரங்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர் பெற்றது. 1799-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை நாட்டை எடுத்துக்கொண்டபின் சத்திரங்களும் கைவிட்டுப் போகுமோ என்று மன்னர் இரண்டாம் சரபோஜி பதறினார். 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. சத்திரத்தில் எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு, நோயாய் விழுந்தவரைக் குணமாகும் வரை வைத்துப் பார்ப்பதுண்டு, பிள்ளைத்தாய்ச்சிகளைக் கவனிப்பதுண்டு, பாம்புக்கடிக்கு மருந்து தெரிந்த வைத்தியர் அங்கேயே உண்டு என்று எடுத்துச் சொல்கிறார். அரண்மனையில் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையம் நடத்தியவர், கண்புரை அறுத்த நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து குறிப்பு எழுதவைத்தவர் என்றுதான் சரபோஜியை இன்று கொண்டாடுகிறோம். எனக்கு அந்தச் சத்திரத்து வைத்தியர்தான் நெருக்கமானவர். எங்கள் ராமநாதபுரச் சீமையை நோக்கிப் போன யாத்திரைக்காரர்களின் வழியில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே வழியில் எதிர்த்திசையில் நான் வந்திருக்கிறேன்.

கடலைத் தாண்டி வந்தவர்களும் இருந்தார்கள். தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1730-ல் வந்த வைத்தியர் ஷ்லேகல்மில்ஷ் அதே ஆண்டில் இறந்துபோனார். அடுத்து 1732-ல் வந்த சாமுவேல் பெஞ்சமின் க்னோல் 35 ஆண்டு இருந்து அந்த மண்ணிலேயே கண்மூடினார்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரிகள் பெரிய ஊர்களில் வந்தன. வைத்தியம் படித்தவர்கள் பட்டணத்திலேயே தங்கிவிட்டார்கள். நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதல்வராக இருந்த 1924-ல், கிராமத்தில் போய்க் குடியேறும் வைத்தியருக்கு அரசு ஆண்டு மானியம் தரும் திட்டத்தைச் சென்னை மாகாணம் தொடங்கியது. ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும், மற்றவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். சோழர் காணியின் பணவடிவம் என்றே இதை நான் படிக்கிறேன். 1946-ல் போர் (Bhore) குழு அறிக்கை ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பை முன்வைத்த பிறகு வைத்தியர் மாதச் சம்பளக்காரர் ஆனார். சம்பளம் நிச்சயமானது. வீடு காகிதத்தில் இருந்தது.

டெல்டாவில் சுகாதாரப் பணிக்காக வந்து தங்கியவர்களில் என்னை அதிகம் ஈர்த்தவர்கள் பட்டுக்கோட்டை மலேரியாக்காரர்கள். 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். அதுவரை ஏரியையும் மழையையும் நம்பியிருந்த பட்டுக்கோட்டைப் பகுதி நெல் நாடானது. கூடவே காய்ச்சல் வந்தது. கால்வாய்க் கரைக்கு மண் வெட்டிய குழிகளிலும் கசிவிலும் தேங்கிய தண்ணீரில் அனாஃபிலஸ் கியூலிசிஃபேசிஸ் கொசு பெருகியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மலேரியா நிபுணர் பால் ரஸ்ஸல் அங்கே ஆய்வு நிலையம் நடத்தினார். டி. ராமச்சந்திர ராவ் உடனிருந்தார்.

அவர்கள் பார்த்த ஒன்றை நடவு வயலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நாற்று நட்ட புதிதில் வயலில் இந்தக் கொசுவின் புழு நிறைய. பயிர் ஓரடி உயர்ந்ததும் காணாமல் போகிறது. பயிரின் நிழல்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். ரஸ்ஸலும் ராவும் நிழலைத் தனியாகவும், நிழல் தராத குச்சித் தடைகளைத் தனியாகவும் வைத்துச் சோதித்தார்கள். குச்சிகள் இருந்தாலே கொசு முட்டையிட வரவில்லை. இந்தக் கொசு தண்ணீரில் உட்கார்ந்து முட்டையிடுவதில்லை. சில அங்குல உயரத்தில் பறந்து ஆடிக்கொண்டே முட்டையை உதிர்க்கிறது. நெருங்கி நிற்கும் தண்டுகள் அந்த ஆட்டத்துக்கு இடம் தருவதில்லை. ஒரு மாதப் பயிர் தானே காவல் என்று தெரிந்தது. 1942-ல் இதை வெளியிட்டார்கள். வயல் ஓரத்தில் ராத்தங்காதவர்களுக்கு இது புலப்பட்டிருக்காது.

இன்னொன்று, வீடுகளுக்குள் மருந்தடிப்பது. கியூலிசிஃபேசிஸ் வயிறு நிறைந்தபின் வீட்டுக்குள்ளேயே ஓய்வெடுக்கும். பைரித்ரம் கலவையைக் குடிசைக்குள் முறைவைத்து அடித்துப் பார்த்தார்கள், மலேரியா குறைந்தது. டி.டி.டி. இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் நடந்த வேலை இது. ரஸ்ஸல் பிறகு இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் அமெரிக்கப் படைக்கு மலேரியா தடுப்பைப் பார்த்தார். ராமச்சந்திர ராவ் இந்திய அனாஃபிலஸ் கொசுக்களைப் பற்றிய பெரிய நூலை எழுதினார். கையில் தெளிப்பானோடு வீடு வீடாகப் போன பட்டுக்கோட்டை ஆட்களின் பெயரையும் அந்தக் கட்டுரைகளின் தலைப்பில் போட்டிருக்கலாம் என்பது என் ஆசை.

இப்போது 108 வண்டி இருக்கிறதே, வைத்தியர் எதற்கு ஊரில் தூங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். 2008-ல் வந்த அந்த வண்டி எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. நானே எண்ணற்ற முறை அழைத்திருக்கிறேன். ஆனால் வண்டி வர ரோடு வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் குழுவை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். ரஸ்ஸலின் ஆட்கள் நடந்த அதே ஊர்கள். மரம் அறுக்கிற இளைஞர்கள் முன்னால் போக, நாங்கள் பின்னால் ஊர்ந்தோம்.

ஓர் ஊரில் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் இருந்தார். நிலையத்தோடு சேர்ந்த இரண்டு அறைதான் அவருக்கு வீடு. ஓடு பாதி பறந்திருந்தது. புயல் இரவில் ஒரு பிரசவம் பார்த்திருக்கிறார். செல்போன் விளக்கைப் பிடித்தது அவர் மகன். தாயும் பிள்ளையும் உள்ளறையில் நன்றாக இருந்தார்கள். காலில் ஓடு விழுந்து கிழிந்தவர்களுக்குக் கட்டுப் போட்டு, பெயரும் வயதும் பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

“டாக்டர், டி.டி. ஊசி கொண்டாந்தீங்கள்ல? பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை இருக்கு? கிணத்துல எல்லாம் மட்டையும் கோழியும் விழுந்து கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள தெற்குத்தெருவாவது முடிச்சாகணும், ரெண்டு பசங்கள என்கூட அனுப்புங்க.”