முற்றமே முதற் பள்ளி

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் பள்ளியில் சேர்த்த பிள்ளைகளைப் பற்றியும் பட்டம் பெற்று உயர்ந்த இளைஞர்களைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதியுள்ளனர். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றிற்கெல்லாம் முற்பட்டது. பள்ளி வாயிலை மிதிப்பதற்கு முன்னர், பிறந்தது முதல் மூன்று நான்கு வயது வரையில், நம் பிள்ளை வீட்டில் என்ன கற்கின்றது, எவரிடம் கற்கின்றது, எவ்வாறு கற்கின்றது என்பதே அப்பொருள்.

நம் மக்களின் கல்விப் போராட்டம் பெரும்பாலும் பள்ளி வாயிலில் நிகழ்ந்த போராட்டமாகும். கதவைத் திறக்கச் செய்வதே முதற் கடமையாய் இருந்ததனால், கதவுக்கு இப்பாலுள்ள வீட்டை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்திலோம். திறந்த கதவின் வழியே நுழையும் பிள்ளை வாய் திறவாமல் கடைசி வரிசையில் அமர்ந்தால், அக்கதவு பாதிதான் திறந்தது என்று கொள்ள வேண்டும். இக்குறையை நீக்கும் வழி நம் முற்றத்திலேயே உள்ளது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காட்டுவதே நம் நோக்கம்.

மணலும் திண்ணையும்

மணலில் விரலால் எழுதிப் பழகுவது தமிழ்நாட்டின் பழைய கல்வி முறை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். அம்முறையையும், மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்தில் புகுத்தி, 1797 இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் ‘சென்னை முறை’ என்ற பெயரில் கல்வி பெற்றது இதன் பயனேயாகும்.

ஆயின் அம்மணல் பரப்பப்பட்டிருந்த திண்ணையில் நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு இடம் இருந்ததில்லை. கடல் கடந்து சென்ற கல்விமுறை, தெருக் கடந்து சேரிக்கு வரவில்லை. மண் நம்முடையது, அம்மண்ணை உழுதவரும் நாம், எழுத்து மட்டும் நமக்கு விலக்கப்பட்டது.

இந்நிலையை மாற்ற எழுந்தோருள் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முதன்மையானவர். கர்னல் ஆல்காட்டு 1894 இல் சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில் அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட நம் மக்களுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய பள்ளிகளில் வெறும் மனப்பாடத்தோடு நில்லாமல், கிண்டர்கார்டன் எனும் பாலர் கல்வி முறையும் கையாளப்பட்டது. ஆட்டமும் பாட்டும் கைவேலையும் வழியாகக் கற்பிக்கும் இம்முறை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அரிதாயிருந்த காலத்தில் குடிசைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நினைவிற் கொள்ளத்தக்கது. பண்டிதர் 1898 இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலும் நம் திருப்பத்தூரிலும் கிளை கொண்டது. 1907 இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் அறிவு வேட்கையை வளர்த்தது.

பெருந்தலைவர் எம்.சி. இராஜா (1883–1943) அவர்களும் பள்ளி ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கியவர். சென்னைச் சட்டமன்றத்திலும் பின்னர் மத்தியச் சட்டமன்றத்திலும் நம் உரிமைக்காக முழங்கிய அவரே, ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து மழலையர்க்கான கிண்டர்கார்டன் நூலொன்றையும் உருவாக்கித் தந்தார். அரசியல் மேடையில் நின்ற தலைவர் தொட்டிற் பருவத்துக் குழந்தையையும் மறந்திலர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உழைப்பாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த கல்வி

‘நர்சரி’ என்றால் காலணியும் கழுத்துப் பட்டையும் அணிந்த வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி என்ற எண்ணம் நம்மிடையே ஊன்றியுள்ளது. வரலாறோ வேறு வகையாகப் பேசுகின்றது.

செருமானிய நாட்டின் புரோபெல் என்பார் 1837 இல் சிறு குழந்தைகளுக்கென விளையாட்டு நிலையம் ஒன்றை நிறுவி, அதற்குப் பின்னர் ‘குழந்தைகள் தோட்டம்’ எனப் பெயரிட்டார். விளையாட்டே குழந்தையின் வேலை என்பது அவர் கொள்கை. தாய் தன் மடியில் வைத்துப் பாடி ஆடும் ஆட்டத்திலிருந்தே கல்வி தொடங்குகின்றது என்று அவர் கருதினார்.

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 சனவரி 6 ஆம் நாள் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்த இடம் உரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழை உழைப்பாளர் குடியிருப்பாகும். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகின்றனர் என்று கருதிய கட்டட உரிமையாளர், அவர்களை ஓரிடத்தில் அடைத்து வைக்கவே அறையொன்றைத் தந்தனர். அங்கேதான் உலகம் வியந்த கல்விமுறை உருவாயிற்று. அவ்வம்மையார் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரின் காரணமாகத் தாயகம் திரும்ப இயலாமற் போகவே, அடையாற்றிலும் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பணிபுரிந்தார். ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளிடம் பிறந்த அம்முறை, நாளடைவில் கட்டணம் செலுத்த வல்லார்க்கே உரியதாய் மாறியது காலத்தின் கொடுமை.

மராட்டிய மண்ணில் தாராபாய் மோடக்கு அம்மையார் இதற்கு மாற்றுக் கண்டார். 1945 இல் தாணா மாவட்டத்துப் போர்டி என்னும் சிற்றூரில் அனுதாய் வாக்கு அம்மையாருடன் சேர்ந்து பாலர் கல்விப் பணியைத் தொடங்கினார். ஏழைக் குடிகளின் பிள்ளைகள் பள்ளி தேடி வராதபோது, பள்ளியையே அவர்தம் குடியிருப்பின் முற்றத்திற்குக் கொண்டு சென்றார். விலையுயர்ந்த கருவிகளுக்கு மாறாக இலை, விதை, கிளிஞ்சல், களிமண் ஆகியவற்றைப் பயன்படுத்தினார். ‘அங்கன்’ என்றால் முற்றம். இன்று நாடெங்கும் வழங்கும் ‘அங்கன்வாடி’ என்னும் சொல் இம்முயற்சியில் வேரூன்றியதாகும்.

பாலாற்றங்கரையில்

இனி நம் ஊருக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றங்கரை நெடுகிலும் தோல் பதனிடும் தொழிலே பிழைப்புக்கு ஊன்றுகோலாய் இருந்து வருகின்றது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் களைந்தும், ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் தோலை ஊறவைத்தும் உழைத்த கைகள் பெரும்பாலும் நம் முன்னோரின் கைகளே. 1970-களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின், முடித்த தோலும் காலணியும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் தையற்பொறியின் முன் அமர நம் பெண்கள் திரளாகச் சென்றனர். வீட்டில் தங்கியோருட் பலர் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றினர்.

காலையில் ‘ஷூ கம்பெனி’ப் பேருந்து வருமுன் உலை வைத்து, பிள்ளையை ஆயாவிடம் ஒப்படைத்து ஓடும் தாய்க்கு, பிள்ளையோடு பேச நேரம் எங்கே? இக்கேள்வியை அறிந்தே சட்டங்கள் எழுந்தன. அண்ணல் அம்பேத்கர் 1928 இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976 இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் வீட்டில் அமர்ந்து பீடி சுற்றிய தாய்க்கு ஆலைக் காப்பகத்தால் பயன் விளையவில்லை.

1975 அக்டோபர் 2 ஆம் நாள் நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 சூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறிட்டது. 2002 இல் அரசியலமைப்பின் 45 ஆம் பிரிவு திருத்தப்பெற்று, ஆறு வயது நிறையும் வரை குழந்தைகளின் பேணலுக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்ற நெறி இடம்பெற்றது. 2019 சனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன.

இவையனைத்தும் நன்றே. ஆயின் சங்கப் பணிக்காக வீடுவீடாகச் சென்ற நாம் கண்ட காட்சி ஒன்றுண்டு. ஒரு தாய் வட்டிக்குப் பணம் வாங்கித் தனியார் நர்சரியில் பிள்ளையைச் சேர்க்கச் சென்றார். அங்கு ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குப் பிள்ளை விழித்து நின்றது. “வீட்டில் ஒன்றும் சொல்லித் தரவில்லையா?” என்ற ஒரு சொல்லோடு தாயை அனுப்பிவிட்டனர். அன்றிரவு அத்தாய் நம்மிடம் சொன்னார்: “எங்கள் வீட்டில் சொல்லித்தர என்ன இருக்கிறது, ஐயா?” இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் கூறும் விடையாகும்.

நம் இல்லத்துச் செல்வம்

தமிழில் பிள்ளைத்தமிழ் என்றொரு நூல்வகை உண்டு. 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடிய பிள்ளைத்தமிழ் முதல் அது வளர்ந்து வந்துள்ளது. பாட்டுடைத் தலைவர் கடவுளரும் மன்னருமாவர். ஆயினும் அதன் பத்துப் பருவங்கள் எல்லாக் குழந்தைக்கும் உரியவை. ஐந்தாம் மாதத்தில் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை அழைக்கும் அம்புலி, மணல்வீட்டைச் சிதைக்கும் சிற்றில், தேருருட்டும் சிறுதேர் எனக் குழந்தையின் வளர்ச்சியை ஆட்டத்தால் அளந்தனர் நம் மொழியினர்.

அவற்றுள் ஒன்று சிறுபறை. அரசகுமாரனின் கையில் சிறு பறையைத் தந்து முழக்கச் சொல்லிப் பாடிய அதே நாட்டில், பறையை முழக்கிய நம் முன்னோர் இழிந்தோர் எனப்பட்டனர். இளைஞர்களே, இம்முரணை எண்ணிப் பாருங்கள். மன்னர் குழந்தைக்குக் கல்வியாய் இருந்த ஆட்டம் நம் குழந்தைக்கும் கல்வியே. தாளத்தைக் கேட்டுத் திருப்பி அடிக்கும் பிள்ளை, செவியையும் கையையும் நினைவையும் ஒருங்கே பழக்குகின்றது.

ஆயாவின் விடுகதை சிந்தனைப் பயிற்சி. மண்ணில் பதினான்கு குழி தோண்டிப் புளியங்கொட்டையால் ஆடும் பல்லாங்குழி கணக்குப் பயிற்சி. கொட்டாங்கச்சியில் மண்சோறு சமைக்கும் கூட்டாஞ்சோறு பேச்சுப் பயிற்சியும் கூடி வாழும் பயிற்சியும் ஆம். நொண்டியும் கண்ணாமூச்சியும் உடற்பயிற்சி. இச்செல்வத்தை நாம் ‘ஒன்றுமில்லை’ என்று எண்ணியதே நம் வறுமைகளுள் பெரியது.

இது வெறும் பெருமைப் பேச்சன்று. ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள் மிகுந்து வாழும் சமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில், 1986–87 இல் ஊட்டமின்றி வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினரின் வீட்டிற்கு நலப்பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை சென்று, வீட்டுப் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு தாயும் சேயும் பேசி விளையாடும் வகையைக் காட்டினார். இரண்டாண்டுகளில் அப்பணி முடிந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பார்த்தபோது, அவ்வாறு விளையாடி வளர்ந்தோர் மற்றவரினும் ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுதியாக ஊதியம் ஈட்டினர். கட்டடமும் கட்டணமும் இன்றி, பேச்சும் விளையாட்டும் செய்த வேலை அது.

நாம் செய்யத்தக்கன

பிள்ளையோடு நாள்தோறும் அரைமணி நேரம் பேசுக. சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் கண்ட பொருளின் பெயரைச் சொல்லுக. பிள்ளை கேட்கும் கேள்விக்கு ‘சும்மா இரு’ என்னாமல் விடை கூறுக. இது தாயின் கடமை மட்டுமன்று. வேலை முடிந்து திரும்பும் தந்தை கடைத்தெருவில் கழிக்கும் பொழுதில் ஒரு பகுதி பிள்ளைக்கு உரியது. தோலும் மருந்தும் படிந்த உடையை மாற்றிக் கைகால் கழுவியபின் பிள்ளையைத் தூக்குக. பீடித் தூளும் தோல் கழிவுத் துண்டும் பிள்ளையின் கைக்கு எட்டலாகாது. மூன்று வயது நிரம்பாத பிள்ளையிடம் புளியங்கொட்டை போன்ற சிறு பொருளைத் தனியே விடலாகாது, விழுங்கி மூச்சடைக்கும்.

எழுதுகோலைப் பிடிக்குமாறு மூன்று வயதுப் பிள்ளையை அடித்து வருத்த வேண்டா. மணலில் விரலால் கோடிழுக்கட்டும். நாள்காட்டிப் படத்தைக் காட்டிக் கதை சொல்லுக. எழுத்தறியாத ஆயாவும் இதற்கு ஆசிரியையாவார். நம் வீட்டுப் பேச்சைக் குறித்துப் பிள்ளை நாணுமாறு எவர் பேசினும் பொறுத்தல் கூடாது. தாய்மொழியில் தாராளமாகப் பேசிய பிள்ளையே பிற மொழியையும் தாராளமாகக் கற்கும்.

படித்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னோர் இரவுப் பள்ளி நடத்தினர். நீங்கள் மாலையில் ஒரு மணி நேரம் தெருவின் சிறு பிள்ளைகளை ஒரு முற்றத்தில் கூட்டிக் கதையும் ஆட்டமும் நடத்துங்கள். அங்கன்வாடி நாள்தோறும் திறக்கின்றதா, அங்கு உணவோடு விளையாட்டும் உண்டா என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

“சொல்லித்தர என்ன இருக்கிறது?” என்று கேட்ட தாய்க்கு நாம் சொல்வது இது: அம்மா, உங்கள் வீட்டில் மண் உண்டு, பாட்டு உண்டு, பறையின் தாளம் உண்டு, ஆயாவின் கதை உண்டு, உங்கள் குரல் உண்டு. திண்ணை நமக்கு மறுக்கப்பட்ட காலத்திலும் முற்றம் நம்முடையதாகவே இருந்தது. அங்கே வாய் திறந்து பழகிய பிள்ளை, எந்தப் பள்ளியிலும் வாய் மூடி அமராது. சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி அம்முற்றத்தில் தொடங்குக!

வாழ்க மழலையர்! வளர்க நம் கல்வி!