பத்துக்கு ஓரெழுத்து

நம் வட்டத்துக்குப் பத்தாண்டு நிறைகிறது. மலருக்கு 10 என்று ஈரிலக்கம் இடுகிறோம். முன்னோர் ௰ என ஒரே குறியில் முடித்திருப்பர்.

பழந்தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்கு ௰, ௱, ௲ எனத் தனிக்குறிகள் உண்டு. 1996 என்பது ௲௯௱௯௰௬ ஆகும்: ஆயிரம், ஒன்பது நூறு, ஒன்பது பத்து, ஆறு. பள்ளிப் பிள்ளைகள் இன்று 1000 + 900 + 90 + 6 என விரித்தெழுதுவதும் இதுவே.

தாயில்பட்டிச் சிறுவனும் சரவெடிப் பெட்டியில் இடமதிப்பை அறிவான்: 1000 வாலாவுக்கு ஒரு சுழியம் கூடினால் பத்து மடங்கு வெடி. ௰௲ என்றெழுதினால் சுழியம் விட்டுப்போகும் அச்சமே இல்லை.

2005க்கு ௨௲௫ போதும். ௨௦௦௫ என அச்சிட்டுவிட்டு அதனைத் தொன்மை என நம்மவர் பெருமை கொள்வது எனக்கு உடன்பாடன்று. சுழியமிட்ட இடமதிப்பு தமிழ்க் குறிகளுக்குப் பிற்காலத்து வரவு. யூனிகோடு அட்டவணையிலும் தமிழ்ச் சுழியம் 2005இல்தான் இடம்பெற்றது. வந்ததைக் கொள்வதில் இழுக்கில்லை. நாள் மாற்றிச் சொல்வதுதான் பிழை.

எழுத்து சுருங்கினும் நம் நா இன்னும் விரித்தே சொல்கிறது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்னும் விந்தைப் புணர்ச்சிகளுக்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுத்துள்ளார்.