மூன்றாவது தண்டவாளம்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார், வெளிநாட்டு அனுபவமா இருந்தா நல்லது" என்று மலர்க்குழுவிலிருந்து கேட்டார்கள். இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. பனியையும் குளிரையும் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் என் மேசைமேல் ஓடும் ரயிலைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம்! "ஏங்க, ரிட்டயர் ஆன வயசுல பொம்மை ரயிலா?" என்று என் மனைவியே கேட்டவள்தான். ஆனால் இந்தப் பொம்மைக்கும் நம் கல்லூரியின் மின் இயந்திர ஆய்வகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பின்ஸ் ரோட்டின் கதை

நம்மில் சிலர் சின்ன வயதில் மெக்கானோ செட் பார்த்திருப்போம். துளை போட்ட தகடுகளும் போல்ட், நட்டுகளும் கொண்ட அந்தப் பெட்டியை உருவாக்கியவர் லிவர்பூல்காரரான ஃபிராங்க் ஹார்ன்பி (1863–1936). 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1920-இல் அவரது நிறுவனம் ஸ்பிரிங் முறுக்கி ஓட்டும் ரயில்களைச் செய்யத் தொடங்கியது. தண்டவாள இடைவெளி 32 மி.மீ. இவற்றை ஓட்டப் பெரிய கூடம் வேண்டும். அவர் மறைந்து இரண்டு வருடம் கழித்து, 1938-இல், லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையிலிருந்து 'ஹார்ன்பி டப்லோ' வந்தது. இடைவெளி 16.5 மி.மீ.; 12 வோல்ட் நேர்மின்னோட்டம். சாப்பாட்டு மேசையிலேயே ஒரு ரயில் பாதை போட்டுவிடலாம்!

டப்லோவின் விசேஷம் நடுவில் இருந்த மூன்றாவது தண்டவாளம். மின்சாரம் அதன் வழியாக வந்து, மோட்டாருக்குள் போய், சக்கரங்கள் வழியாக வெளித் தண்டவாளங்கள் இரண்டுக்கும் திரும்பும். இதில் ஒரு சௌகரியம். பாதையை எப்படி வளைத்து, வந்த வழியிலேயே திருப்பி இணைத்தாலும் ஷார்ட் ஆகாது. சக்கரங்களுக்கு இன்சுலேஷனும் தேவையில்லை. ஆனால் நிஜ ரயிலுக்கு நடுவில் ஏது மூன்றாவது தண்டவாளம்?

1952-இல் டிரை-ஆங் என்ற போட்டி நிறுவனம் இரண்டே தண்டவாளத்தில், பிளாஸ்டிக் உடலோடு, மலிவு விலையில் ரயில்களை இறக்கியது. பின்ஸ் ரோட்டுக்காரர்கள் 1959-இல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு மாறினார்கள். காலம் கடந்துவிட்டது. 1964-இல் டிரை-ஆங்கின் தாய் நிறுவனமே மெக்கானோவை வாங்கிக்கொண்டது. 1979-இல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையும் மூடப்பட்டது. மூன்று தண்டவாள எஞ்சின்கள் மட்டும் வீட்டுப் பரண்களில் தங்கிவிட்டன. ஜெர்மனியின் மார்க்ளின் வேறு வழியில் போனது. 1953 முதல் நடுத் தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னக் குமிழ்களை வைத்தது. அதனால் பழைய மார்க்ளின் எஞ்சின் பல, புதிய பாதையிலும் ஓடும். டப்லோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புதிய பாதையில் வைத்தால் அதன் உலோகச் சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்துவிடும். ஓட்ட வேண்டுமானால் எஞ்சினை 'மாற்ற' வேண்டும்.

நான் செய்த பாவம்

பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 'சர் நைஜல் கிரெஸ்லி' என்ற நீல நிற டப்லோ எஞ்சின் எனக்குக் கிடைத்தது. மின் பொறியாளன் என்ற தைரியத்தில் அன்றிரவே பிரித்துப் போட்டேன். ஆர்மேச்சரை வெளியே எடுத்து, காந்தத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். பிறகு சேசிஸை அரத்தால் ராவினேன், துளை போட்டேன், இன்சுலேஷன் உள்ள புதுச் சக்கரம் மாட்டினேன். பழைய சக்கரங்களும் நடுத் தண்டவாளத்தைத் தொடும் தகடும் குப்பைக்குப் போயின. பழைய பெயின்ட்டைக் கழுவிவிட்டுப் பளபளவென்று புதுசு அடித்தேன். எஞ்சின் ஓடத்தான் செய்தது. ஆனால் நாலு பெட்டியை மாட்டினால் முனகியது. ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு.

அப்போதுதான் நம் ஆய்வக உதவியாளர் அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். மூன்றாம் ஆண்டில் ஷன்ட் மோட்டார் சோதனை செய்யும்போது, "தம்பி, ஃபீல்டு ஒயர் கழண்டிருக்கான்னு பாத்துட்டு ஸ்விட்சைப் போடுங்க. ஃபீல்டு இல்லேன்னா மோட்டார் நம்ம பேச்சைக் கேக்காது" என்பார். ஃபீல்டு குறைந்தால் எதிர் மின்னியக்கு விசை குறையும், ஆர்மேச்சர் அதிக மின்னோட்டத்தை இழுக்கும், இழுவை மட்டும் வராது. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியதுதான்! பழைய காந்தங்களைத் திறந்த நிலையில் விட்டால் வலு குறையும். ஆர்மேச்சரை எடுத்தவுடன் அந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டை வைத்திருக்க வேண்டும். படித்தும் செய்யவில்லை.

இந்த ரயில்களைச் சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் அந்த எஞ்சினைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுது. ஆனா இது எந்த வருஷம் செஞ்சதுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது" என்றார். பெயின்ட், சக்கரம், அடித்தகடு, காந்தம் இவற்றின் வகையை வைத்துத்தான் ஓர் எஞ்சினின் காலத்தைக் கணிக்கிறார்கள். முதல் மூன்றையும் நான் என் கையாலேயே அழித்திருந்தேன்.

இரண்டாவது எஞ்சின்

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் காலமானார். சில மாதம் கழித்து அவர் மனைவி ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே 'டச்சஸ் ஆஃப் அதோல்'. 1939-லேயே அறிவிக்கப்பட்டு, உலகப் போர் குறுக்கிட்டதால் போருக்குப் பிறகே கடைக்கு வந்த மாடல். அசல் டச்சஸ் எஞ்சின் 1962-இல் ஓய்வு பெற்று உடைக்கப்பட்டுவிட்டது. அந்த வகையில் செய்த 38 எஞ்சின்களில் மூன்றுதான் இன்று மிச்சம். நண்பருக்கு அவர் அப்பா வாங்கிக் கொடுத்த எஞ்சின் இது. "பேரனோட புதுப் பாதையில கிறிஸ்துமஸுக்கு இதை ஓட வைக்க முடியுமா?" என்று கேட்டார். பேரனுடையது இன்றைய டிஜிட்டல் முறை. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் உள்ள 'டிகோடர்' கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும். டப்லோ மோட்டாரிலோ ஒரு பிரஷ் நேரடியாக சேசிஸோடு இணைந்திருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடர் வைத்தால் டிகோடர் கருகிவிடும். சக்கரங்களையும் கழற்ற வேண்டும். இடது, வலது பக்கக் கிராங்குகள் 90 டிகிரி வித்தியாசத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இணைப்புக் கம்பி இடித்து எஞ்சின் நொண்டும்.

செய்ய முடியாததல்ல. ஆனால் இந்த முறை கை வரவில்லை.

முதலில் லென்ஸ் வைத்து உடலைப் பார்த்தேன். துத்தநாகக் கலவை வார்ப்புகளில் ஈயக் கலப்படம் இருந்தால், வருடங்கள் கழித்து உப்பி, வெடித்து, பொடியாகும். அதற்கு மருந்தே கிடையாது. நல்லவேளை, விரிசல் இல்லை. ஒயரின் பழைய ரப்பர் உதிர்ந்திருந்தது, மாற்றினேன். இறுகிப்போன கிரீஸைத் துடைத்து, கம்யூட்டேட்டர் இடுக்குகளைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்தேன். பிரஷ் புதுசு. காந்தத்துக்குக் கனத்த மின்னோட்டத்தை ஒரு கணம் பாய்ச்சி மறுபடி வலுவேற்றச் செய்தேன். ஒரு ஆம்பியரைத் தாண்டி நின்ற மீட்டர் முள், பாதிக்கு இறங்கியது! பெயின்ட்டைத் தொடவே இல்லை. கழற்றிய பழைய ஒயரையும் பிரஷையும் ஒரு உறையில் போட்டு, தேதியும் செய்த வேலையும் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன்.

அந்த அம்மாவிடம் நேராகவே சொன்னேன்: "பேரன் பாதையில ஓட்டினா உங்க வீட்டுக்காரர் எஞ்சினைப் பாதி வெட்ட வேண்டியிருக்கும். வேணும்னா பழைய பாதை ஒண்ணு போட்டுத் தர்றேன்." அவர் முகம் கொஞ்சம் வாடியது. பழைய மூன்று தண்டவாளத் துண்டுகள் கொஞ்ச விலையில் கிடைத்தன. துருவைத் தேய்த்துப் பேரன் பாதையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று டச்சஸ் ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்த வட்டத்தைச் சுற்றியது. பையன் நடுத் தண்டவாளத்தைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டான். விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் தாத்தா எங்கே வாங்கினார், யார் வாங்கிக் கொடுத்தது என்பதையெல்லாம் அவன் பாட்டி சொன்னார்.

இன்றைய மாணவர்களுக்கு

எந்தப் பழைய எஞ்சினையும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் வந்த மாடல்களுக்கு டிகோடர் வைத்து ஓட்டுவதும் அதற்கு உயிர் கொடுப்பதுதான். ஆனால் செய்ததைத் திரும்ப மாற்ற முடிகிற மாதிரி செய்யுங்கள், கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள், செய்ததை எழுதி வையுங்கள்.

நம் ஆய்வகத்தில் நாங்கள் கை வைத்துப் பழகிய பழைய டி.சி. மோட்டார்கள் இன்னும் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்துக்கொள்ளக் கல்லூரியைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிரஷ் மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. ஃபீல்டு ஒயர் கழண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஸ்விட்ச் போடுவேன்!

— மின் பொறியியல் பிரிவு, 1971–76 அணி