மடியில் வந்த பிள்ளை

இராமேசுவரம் தீவுக்கு 1914 முதல் ரயில் உண்டு. பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-இல்தான். ஆக, பிள்ளையை மடியில் வைத்துத் தீவுக்கு வரும் பழக்கம் ரயிலில் வளர்ந்தது. பாலத்தில் ஊர்ந்த ரயிலுக்கு மடி போதும், காருக்குப் போதாது. 'அந்தக் காலத்தில் காரிலும் அப்படித்தானே வந்தோம்?' என்பார்கள். பிழைத்து வந்தவர்கள்தானே அதைச் சொல்ல முடியும்! மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதினால் 10 கிலோக் குழந்தை 200 கிலோ அளவுக்குக் கையை இழுக்கும். பழைய காரில் பிள்ளையோடு வருபவருக்குச் சிக்கல் இன்னும் பெரிது: 1940-களின் எம்.ஜி. டிசி போன்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் பெல்ட்டே கிடையாது, உடற்கூடோ மரச்சட்டம். அதில் திருகிய பெல்ட் மரத்தோடு பிய்ந்து வரும். சேஸிஸோடு சேர்த்த எஃகுத் தாங்கி வேண்டும். அதற்காகத் துளையிட்டால் காரின் பழமை கெடும் என்ற வருத்தம் நியாயமானதே. ஆனால் 2019-இன் சட்டத் திருத்தம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கேட்கிறது. துளையிட மனமில்லாதவர் பிள்ளையை வேறு காரில் அனுப்பட்டும். பாம்பன் வழியே பஸ்ஸும் ஓடுகிறது.